தேரும் தெருவும்: நகரப் போக்குவரத்து பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் செய்திகளுள் இரண்டு தேரோடு தொடர்புடையன. திஸ்ஸ வாவிக்குத் தேரேறிச் சென்ற அவன் மைந்தன், தாய்ப்பசுவோடு வழியிலே படுத்திருந்த இளங்கன்றொன்றை அறியாது சக்கரத்தால் நெரித்துக் கொன்றான். பசு வந்து அரண்மனை மணியை அசைத்தது. மன்னன் அதே சக்கரத்தைக் கொண்டு மகனின் தலையைத் துணிப்பித்தான். மற்றொரு நாள் மன்னன் சென்ற தேரின் நுகமுனை பட்டுத் தூபியொன்று சிதைவுற்றது. அவன் உடனே இறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தாலேயே துணிக்குமாறு அமைச்சரை வேண்டினான். பெயர்ந்தவை பதினைந்து கற்களே. அவற்றைத் திருத்துதற்கு அவன் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான் என்கிறது நூல்.

முதற் செய்தியை ஒத்த கதை தமிழிலே மனுநீதிச் சோழன் வரலாறாகத் திருவாரூரோடு இணைந்து நிற்கின்றது. அங்கே அமைச்சர்கள், நேர்ந்தது அறியாப் பிழை என்றும் அதற்குக் கழுவாய் உண்டு என்றும் எடுத்துரைக்கின்றனர். மன்னன் ஏற்கவில்லை. இக்கதைகள் மன்னரின் நடுநிலைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. தண்டனையின் கொடுமை இன்றைய மனத்துக்கு ஒவ்வாது, ஒவ்வவும் வேண்டியதில்லை. ஆயினும் அவற்றின் அடியிலே கிடக்கும் எண்ணமொன்று போதிய கவனம் பெறவில்லை. இளவரசன் தீங்கு கருதியவனல்லன். எனினும் வீதியிலே பாரமும் விரைவும் உடைய ஒன்றைச் செலுத்திச் சென்றவன் அவனே. கன்று வெறுமனே கிடந்தது. தெருவிலே தேருக்கு உள்ள உரிமை அங்குக் கிடந்த கன்றுக்கும் உண்டென்பதைக் கதை வாதிடவில்லை. அதனை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்கொண்டே தொடங்குகின்றது.

சங்கப் பாடல்களிலும் தேர் இவ்வாறு அறத்தின் எல்லைக்குள் வைத்தே நோக்கப்பட்டிருக்கின்றது. அகநானூற்றின் நான்காம் பாடலிலே, தலைவியை நாடி விரையும் தலைவன், மலர்களில் துணையோடு தங்கியிருக்கும் வண்டினம் கலங்குமென்று அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். விரைவு அவனுக்கு இன்றியமையாதது. ஆயினும் அவ்விரைவின் ஓசை பிறர் அமைதியைக் குலைக்கக் கூடாது என்பது அவன் கருத்து. பறம்பின் தலைவன் பாரியோ தேரையே முல்லைக் கொடிக்கு விட்டுச் சென்றான். இன்று எவரேனும் தம் காரைக் கொடியொன்றுக்குக் கொழுகொம்பாக விட்டுவிட்டு நடந்து வீடு திரும்புவாராயின், உறவினர் அவரை மருத்துவரிடமே அழைத்துச் செல்வர். அதுவுமன்றி, பாரியின் செயலைப் போற்றும்போது ஒன்றை மறத்தலாகாது. அவன் மன்னன், மறுநாள் அவனுக்கு மற்றொரு தேர் பூட்டப்பட்டிருக்கும். உடைமையை விட்டுவிடுதல் உடையோர்க்கே இயலும். இவ்வுண்மை நகரப் போக்குவரத்துப் பற்றிய இன்றைய உரையாடல்களில் அடிக்கடி மறக்கப்படுவது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் வீதி விபத்துகளால் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இலங்கையில் ஆண்டுதோறும் இவ்வாறு மடிவோர் 2000க்கு மேற்பட்டோர். வேறெந்தக் காரணத்தால் இத்துணை உயிர்கள் போயிருப்பினும் நாடு கலங்கியிருக்கும். வீதியில் நிகழும் சாவோ வானிலையைப் போல ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. மனுநீதிச் சோழனின் அமைச்சர்கள் கூறிய சமாதானமே இன்று பொதுக் கருத்தாகியுள்ளது எனலாம்.

எனினும் விபத்து மட்டுமே வினாவன்று. ஒருவரையும் மோதாத காரும் நகரத்திலே இடத்தை எடுத்துக்கொள்கின்றது. ஒருவரோ இருவரோ செல்லும் இரண்டு மூன்று கார்கள், இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐம்பது பேரை ஏற்றிய பஸ் வண்டியொன்றின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அலுவலகம் சென்றடைந்த பின்னர் கார் மாலைவரை அசையாது கிடக்கின்றது. அது கிடக்கும் நிலமும் பெரும்பாலும் பொது நிலமே. மின்சாரத்தால் இயங்கும் கார் வந்துவிட்டால் சிக்கல் தீருமெனச் சிலர் கருதுகின்றனர். புகை குறையும், அது நன்மையே. ஆனால் மின்சாரக் காரும் அதே நீளமும் அதே அகலமும் உடையது.

1973ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் அந்திரே கோர்ஸ் மோட்டார்க் காரின் சமுதாயக் கருத்தியலை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கடற்கரை மாளிகையைப் போலக் காரும் சிலரிடம் மட்டும் இருக்கும்வரையே பயன் தருவது என்பது அவர் வாதம். எல்லோரும் அதனைப் பெற்றுவிட்டால் ஒருவருக்கும் விரைவு கிடையாது. இவான் இலிச் அதே காலத்தில் வேறொரு கணக்கைப் போட்டார். அமெரிக்க ஆடவர் ஒருவர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அதற்கான பணத்தை உழைக்கும் நேரத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 1600 மணித்தியாலம் ஆகின்றது. அதைக்கொண்டு அவர் கடக்கும் தூரம் 7500 மைல். அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. துவிச்சக்கரவண்டி இதனினும் விரைவானது. இக்கணக்கிலே மிகைப்படுத்தல் இருக்கலாம்; நகைச்சுவையும் இல்லாமலில்லை. ஆயினும் கோர்ஸின் வாதம் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் வகுத்த அளவுகோலை நினைவூட்டுகின்றது. எல்லோரும் செய்யும்போது தன்னையே அழித்துக்கொள்ளும் செயல் அறநெறியாக முடியாது என்பது அவ்வளவுகோலின் சாரம். நகரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனிக் காரிலே செல்லுதல் இவ்வகையைச் சேர்ந்த செயல்.

வாதம் இதுவரை நேரிதாகவே செல்கின்றது. ‘ஆகவே காரைக் கைவிடுக’ என்று முடித்தலும் எளிது. ஆனால் நகரத்தின் நடுவே நின்று இவ்வினாவைக் கேட்பதற்கும், அந்நகரத்தைச் சார்ந்து வாழும் தொலைவூரொன்றிலிருந்து கேட்பதற்கும் வேறுபாடுண்டு. கிழக்கிலங்கையின் திரியாயிலிருந்து நோக்குமிடத்து வாதம் அத்துணை நேரிதாகத் தோன்றவில்லை.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ளது திரியாய். கடலையும் வயலையும் காட்டையும் ஒருங்கே உடைய பழம்பதி அது. நீலப்பணிக்கன் பற்றிய வாய்மொழி மரபு அங்கு இன்றும் வழங்குகின்றது. குன்றின்மேலுள்ள பௌத்த தூபியை அண்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு கிரந்த எழுத்திலே பொறிக்கப்பட்டு, வணிகக் குழுவினரைப் பற்றிப் பேசுகின்றது. பயணிகளையும் வணிகரையும் அறியாத ஊரன்று அது. பின்னர் 1985இல் ஊர் எரியுண்டது; மக்கள் இடம்பெயர்ந்தனர். நெடுங்காலம் சென்றே மீள்குடியேற்றம் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் வீதி என்பது போவதற்கு உரியதாக இராமல், போக முடியுமா என்று கேட்பதற்கு உரியதாயிற்று. சோதனைச் சாவடிகளும் சீரழிந்த தரையும் உடைந்த பாலங்களும் சேர்ந்து, தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்க இயலாதவாறு செய்தன. 2009இல் இறக்கக்கண்டியில் நீண்ட பாலம் திறக்கப்பட்டதும், பின்னர் வீதி செப்பனிடப்பட்டதும் இம்மக்கள் வாழ்விலே சிறிய மாற்றங்களல்ல.

திரியாயில் வாழ்பவர் திருகோணமலைக்குச் செல்லாமல் இருக்க முடியாது. பொது வைத்தியசாலை அங்கே உள்ளது. மாவட்டச் செயலகமாகிய கச்சேரியும் மாகாண அலுவலகங்களும் அங்கேயே உள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வழியிலே நிலாவெளியை அண்டிய கோணேசபுரியில் அமைந்துள்ளது. பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்று பெறுவதற்கோ, கண் பரிசோதனைக்கோ செல்லும் ஒருவருக்கு அரை மணி நேர வேலைக்காக ஒரு பகற்பொழுது முழுவதும் கழிகின்றது. நகரத்தவருக்கு நேரம் இழப்பு என்றால் நெரிசலில் நிற்பது. தொலைவூராருக்கு நேரம் இழப்பு என்றால் பஸ்ஸுக்காக நிற்பது. இரண்டாவது இழப்பை எந்த நெரிசல் ஆய்வும் எண்ணுவதில்லை. ஏனெனில் அங்கே நெரிசலே இல்லை.

இந்நிலையில் அவ்வூர் இளைஞர் ஒருவர் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. கான்றின் அளவுகோலை அவர் முன்னே நீட்டுவது பொருந்துமா? அவரது வண்டி சமுதாயத்தின் பொது இடத்தைக் கவர்ந்துகொண்டதொன்றன்று. சமுதாயம் கொடுக்கத் தவறியதொன்றைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்துகொண்ட செயல் அது. அதே வேளையில், நகருக்குள்ளே மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள அலுவலகத்துக்குக் காரிலே தனியே செல்லும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நடக்கலாம், துவிச்சக்கரவண்டியும் பஸ்ஸும் உண்டு. இருவரும் எரிபொருள் எரிக்கின்றனர்; இருவரும் வீதியைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் கடமை இருவர்க்கும் ஒன்றன்று. மாற்று வழி எவருக்கு உண்டோ அவர்க்கே விடுக என்று கூறுதல் தகும். மாற்று எவ்வளவு எளிதோ அவ்வளவுக்குக் கடமையும் மிகும்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து இலங்கை எரிபொருளின்றி நின்றது. நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டன; வரிசையில் நின்றவாறே முதியோர் சிலர் உயிர்நீத்தனர். யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தது. திருகோணமலைக்கு இந்நெருக்கடியில் தனியானதொரு முரண் உண்டு. துறைமுகத்தை அடுத்த சீனன்குடாப் பகுதியிலே ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் கட்டிய மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பங்கிடும் உடன்படிக்கை 2022 யனவரியில் கைச்சாத்தானது: 14 இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. சில மாதங்களில் அம்மாவட்டத்து மீனவரும் விவசாயியும் போத்தலோடு மண்ணெண்ணெய்க்கு நின்றனர். தாங்கி இருந்தது; தாங்குவதற்கு எண்ணெய் இல்லை.

அவ்வாண்டு யூலையில் ‘கியூ. ஆர்.’ குறியீட்டு முறையிலான எரிபொருள் அனுமதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என வகுக்கப்பட்டது. வரிசைகளை ஒழித்த வகையில் இம்முறை பெரும் நன்மை செய்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் பங்கீட்டின் நியாயத்தை ஆராயுமிடத்து வேறொரு காட்சி தோன்றுகின்றது. பங்கு மனிதருக்கு அளிக்கப்படவில்லை, வாகனத்துக்கே அளிக்கப்பட்டது. பெரிய வாகனம் உடையவர்க்குப் பெரிய பங்கு; சிறியது உடையவர்க்குச் சிறிய பங்கு; எதுவும் இல்லாதவர்க்கு ஒன்றுமில்லை. கணக்காகவே பார்க்கலாம். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் உடைய திரியாய்வாசிக்கு 4 லீற்றரில் 180 கிலோமீற்றர் கிட்டும். அதாவது நகருக்கு இருமுறை போய்வரலாம். வாரத்தில் ஐந்து நாள் வேலையுடையவர் மற்றை மூன்று நாளும் என் செய்வது? நகரிலே மூன்று கிலோமீற்றர் தூரம் காரில் செல்பவர்க்கோ, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும், வாரம் முழுதும் அலுவலகம் சென்றுவர 3 லீற்றர் போதும். எஞ்சுவது 17 லீற்றர். நடக்கக்கூடிய தூரத்தவர்க்கு மிகுதியும், நடக்க இயலாத தூரத்தவர்க்குப் பற்றாக்குறையும் ஒரே சட்டத்தால் கிடைத்தன. நெருக்கடி எல்லோரையும் சமமாக்கியது என்று அக்காலத்தில் எழுதியோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்நாட்களில் துவிச்சக்கரவண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. கழுத்துப்பட்டி அணிந்தோரும் மிதித்துச் சென்றனர். பத்திரிகைகள் இதனைப் புதிய விழிப்பென வாழ்த்தின. ஆயினும் இன்மையால் விடுதல் துறவாகுமா என்பது மெய்யியல் எழுப்பும் பழைய வினா. உணவு கிடையாமையும் நோன்பும் வயிற்றைப் பொறுத்தவரை ஒன்றே. அறத்தைப் பொறுத்தவரை வேறு. எரிபொருள் ஒதுக்கீடு 2023 செத்தெம்பரில் நீக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. மிதிவண்டிகள் பலவும் திண்ணைக்குத் திரும்பின. இதைக் கண்டு மக்களைக் குறைகூறுவோர் பலர். அது முழு நியாயமன்று. துவிச்சக்கரவண்டிக்கெனத் தனிப்பாதை அமைக்கப்படவில்லை. பஸ்ஸின் நேரம் திருந்தவில்லை. வெயிலில் நடப்பவர்க்கு நிழல் நடப்படவில்லை. வலிந்து வந்த ஒழுக்கத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு எதுவும் இல்லாதவிடத்து அவ்வொழுக்கம் நிலைக்கும் என எதிர்பார்ப்பது பேதைமை.

தமிழிலே பழக்கம் என்றும் வழக்கம் என்றும் இரு சொற்கள் உள. பழக்கம் ஒருவருடையது, வழக்கம் ஊருடையது. நகரப் போக்குவரத்தைப் பற்றிய அறிவுரைகள் யாவும் பழக்கத்தையே நோக்கி எய்யப்படுகின்றன. ஆனால் ஒருவர் காரை விட்டு நடப்பதால் மட்டும் வீதி மாறுவதில்லை. அவர் விட்ட இடத்தை மற்றொரு கார் பிடித்துக்கொள்கின்றது. வழக்கம் மாறினால் பழக்கம் தானே பின்தொடர்தலும் உண்டு. சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் நகருக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2006இல் சோதனை முறையில் கட்டணம் விதிக்கப்பட்டது. தொடங்குமுன் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். ஏழு மாதம் நெரிசல் குறைந்த வீதிகளைக் கண்டபின், அவ்வாண்டு செத்தெம்பரில் நடந்த பொதுசன வாக்கெடுப்பில் நகர மக்களில் பெரும்பான்மையோர் அதனை ஆதரித்தனர். 2007இல் அது நிரந்தரமாயிற்று. வாதத்தால் வெல்லப்படாத மனங்கள் அநுபவத்தால் மாறின என்பது இதிலே கவனிக்கத்தக்கது.

கட்டணம் விதிக்கும் முறையைச் சிங்கப்பூர் 1975ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. லண்டன் 2003இல் அதனைப் பின்பற்றியது. இதற்கு எதிராக எழும் வாதம் வலிமையானது: பணம் உடையவர் செலுத்திவிட்டுச் செல்வார்; இல்லாதவர் ஒதுங்குவார்; பொது வீதி விலைக்கு விற்கப்படும். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. லண்டனிலே அவ்வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிடவேண்டுமெனச் சட்டம் விதித்தது. ஓரளவுக்கு அது விடையாகின்றது. கட்டணம் பஸ்ஸாக மாறித் திரும்பி வருமாயின், செலுத்தியவர் தாம் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஈடு தந்தவராவர். அவ்வாறு திரும்பாத கட்டணம் வெறும் நுழைவுச்சீட்டே.

ஆகவே யாவும் பஸ்ஸிலேயே வந்து நிற்கின்றன. இலங்கையில் பஸ் சேவை 1958 யனவரி முதலாந் திகதி நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபம் தராத வழியிலும் வண்டி ஓடவேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணங்களுள் ஒன்று. திரியாய் போன்ற ஊர்களுக்கு இவ்வெண்ணத்தின் பெறுமதி நன்கு தெரியும். 1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அவற்றால் வண்டிகள் பெருகின; போட்டியும் பெருகிற்று. ஆனால் போட்டி பயணிகள் கூட்டமாக நிற்கும் இடத்திலேயே நிகழும். கூட்டமில்லாத தரிப்பிடத்திலே ஒருவர் மட்டும் நிற்கும்போது அவருக்காக எவரும் போட்டியிடுவதில்லை. பருவகாலச் சீட்டோடு நிற்கும் மாணவனைக் கண்டு நிறுத்தாது செல்லும் வண்டிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றொன்றையும் மறைத்தலாகாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையிலே பொதுப் போக்குவரத்தில் ஒருமுறையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எனக் கண்டது. இத்தொகையை அறிந்தபின், ஸ்கூட்டரை விட்டுப் பஸ்ஸில் ஏறுமாறு ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூற எவரும் தயங்குவர், தயங்கவும் வேண்டும். சூழலின் நன்மைக்காக ஒருத்தி தன் மானத்தை விலையாகக் கொடுக்கவேண்டும் எனக் கேட்பது அறமாகாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல வழி செய்யப்பட்டது. கட்டணமின்மை பாதுகாப்பைத் தானே கொண்டுவராது. எனினும் பெண்கள் பெருந்தொகையாக ஏறும் வண்டியில் பெண் தனித்தவளாக இருப்பதில்லை என்ற அளவில் அதற்கு இரட்டைப் பயன் உண்டு எனக் கருத இடமுண்டு.

இவை ஏன் இவ்வாறு கிடக்கின்றன என்ற வினாவுக்குப் பணமின்மை மட்டும் விடையாகாது. பாராளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் அலுவலர்க்கும் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழமை இந்நாட்டிலே பல தசாப்தங்களாக நிலவி வந்தது. பல இலட்சம் பேர் நாள்தோறும் நுழையும் கொழும்புக்கு யப்பானின் உதவியோடு திட்டமிடப்பட்ட இலகு புகையிரதத் திட்டமோ 2020இல் கைவிடப்பட்டது. பஸ்ஸின் நேரத்தை வகுப்பவர் பஸ்ஸுக்காக நின்று அறியாதவர். பாலம் எப்பொழுது முடியவேண்டுமெனத் தீர்மானிப்பவர் அவ்வாற்றைக் கடந்து பாடசாலை செல்லும் பிள்ளை உடையவரல்லர். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்கரையில், கிண்ணியாவிலே 396 மீற்றர் நீளமான பாலம் 2009இல் திறக்கப்பட்டபோது தோணிக்காலம் முடிந்தது என்றே பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அதே பிரதேசத்தின் குறிஞ்சாக்கேணியில், பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளை, 2021 நவம்பர் 23ஆந் திகதி காலையில் மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவரும் அதில் மாண்டனர். அவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். நாள்தோறும் செல்லும் வழியிலே சென்றவர்கள். இழிந்த போக்குவரத்து என்பது வசதிக் குறைவு என்ற அளவில் நிற்பதொன்றன்று என்பதற்கு இம்மாவட்டத்தில் வேறு சான்று தேவையில்லை.

இதனாலேயே, வாகனத்தைக் குறைத்தல் என்னும் கடமையைத் தனிமனிதரின் மனச்சான்றிலிருந்து தொடங்குவது தவறான வரிசை எனத் தோன்றுகின்றது. அது தனிமனிதரை விடுவிப்பதாகாது; நகருக்குள்ளே மூன்று கிலோமீற்றர் செல்லும் கார்க்காரருக்கு மேற்கூறிய கணக்கு அப்படியே பொருந்தும். அவர் பஸ் நன்றாகட்டும், பிறகு ஏறுவேன் என்கின்றார். அவரைப் போன்றோர் ஏறாதவரை பஸ் நன்றாவதற்கு வலுவான குரல் எழாது. இவ்விரண்டில் எது முந்த வேண்டும் என்பது கோழியா முட்டையா என்ற புதிர் போலக் காட்டப்படுவதுண்டு. உண்மையில் அது புதிரன்று. வலிமை உடையவர் எவரோ அவர் முதலடி வைக்க வேண்டும். மாவட்டத்தின் உயர் அலுவலர் வாரத்தில் ஒருநாள் புல்மோட்டை பஸ்ஸிலே இறுதிவரை சென்று திரும்புவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. அப்பயணத்தில் அவர் அறிவது எந்த அறிக்கையிலும் வருவதன்று. இது விளையாட்டாகக் கூறப்பட்டதன்று.

திருகோணமலை நகருக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கொழும்பைப் போல அது தன் வீதிகளை முற்றாகக் கார்களுக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. இருபுறமும் கடல் நெருக்கும் ஒடுங்கிய நிலத்துண்டத்தில் நகரின் பழைய பகுதி அமைந்திருப்பதால், விரும்பினாலும் வீதிகளை அகலமாக்கிக்கொண்டே போக இயலாது. நகரின் பெரும்பாலான அலுவல்கள் நடந்தோ மிதித்தோ முடிக்கத்தக்க தூரத்திலேயே உள்ளன. தெருக்களிலே புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிவது அந்நகரின் தனிக் காட்சி. கடைவாசலில் நிற்கும் மான் வீதியைக் கடக்கும்போது வண்டிகள் வேகம் தணிகின்றன. ஒருவரும் ஒலிப்பானை அழுத்திச் சினப்பதில்லை. மானுக்கு இடம் விடுதல் அங்கே சட்டமன்று, வழக்கம். திரியாயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மருத்துவக் கொப்பியைக் கையிற் பற்றிக்கொண்டு வைத்தியசாலைப் பக்கம் கடப்பதற்கு வீதியோரத்தில் நிற்கும் முதியவளுக்கு அவ்வழக்கம் இன்னும் நீளவில்லை.